வெளியே உட்கார்ந்தவருக்குத் தண்ணீர்

முதலில் ஒரு நெறுநெறுப்பு வரும். காய்ந்த சுள்ளிகளை யாரோ தூரத்தில் மெல்ல மிதித்துக்கொண்டு போகிறாற்போல. பிறகு ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாத இடைவெளியில் சோதனைக்கூடத்தில் நிற்கிற எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம்தான் டொக்கென்று, அடிவயிற்றில் விழுகிற மாதிரி, கான்கிரீட் கட்டி உடையும். செண்பகவல்லி அதை முதன்முதலாகக் கேட்டது அவள் பல்கலைக்கழகத்தின் கட்டடப் பொறியியல் துறையில் ஆசிரியையாகச் சேர்ந்த நாளில். அதற்குப் பிறகு எத்தனையோ கட்டிகள் அவள் கண்முன்னால் உடைந்திருக்கின்றன; காதில் தங்கியது அந்த முதல் சத்தம்தான். அதுவும் தனியாகத் தங்கவில்லை. அதற்குச் சற்று முன்னால் கேட்ட இன்னொரு சத்தத்தோடு சேர்ந்தேதான் தங்கியது. வலைக்கதவின் ஸ்பிரிங் நீண்டு கிறீச்சிட்டு, பட்டென்று திரும்பி வந்து அடித்த சத்தம். எவ்வளவு பாரம் தாங்கும் என்று அழுத்திப் பார்க்கிற மெஷினில் கட்டியை ஏற்றியாகிவிட்டது, அளவு காட்டும் முள் நகரத் தொடங்கிவிட்டது, அந்த நேரம் பார்த்துத் துறைத் தலைவர் தேவசகாயம் சார் தன் பழுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போய்விட்டார். "சார் எங்க போறாங்க?" என்று பக்கத்தில் நின்ற சோதனைக்கூட உதவியாளர் இசக்கியிடம் கேட்டாள். இசக்கி முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவங்க மச்சான் கட்டுத கட்டடத்துக் கியூப்புல்லா இது. சார் இங்க நிப்பாங்களா?" என்றார், மழை பெய்தால் குடை பிடிக்கமாட்டார்களா என்று கேட்கிற குரலில். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் தேவசகாயம் சார் சோதனைக்கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாலையைப் பார்த்து, கைகளைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். டொக். அவர் திரும்பவில்லை.

இப்போது அந்தப் பெஞ்சில் அவளே உட்கார்ந்திருக்கிறாள், அதே போலச் சாலையைப் பார்த்து. முதுகுக்குப் பின்னால் சோதனைக்கூடம். அதன் மாடியில் கூட்ட அறை. கூட்ட அறையில், பல்கலைக்கழக ஊழியர்கள் வெளியே போய்ச் செய்கிற வேலைகளுக்கு அனுமதி கொடுக்கிற குழு. அந்தக் குழுவின் தலைவர் நாற்காலி காலியாக இருக்கிறது, ஏனென்றால் அதில் உட்கார வேண்டியவள் இங்கே பெஞ்சில் இருக்கிறாள். கால்மணி நேரத்துக்கு முன்னால் எழுந்தாள். "அடுத்தது தாரணியோட விண்ணப்பம். அவ என் மக. நான் வெளிய இருக்கேன்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சொல்வதற்கு ஒன்றுமில்லாத அந்த மூன்று வாக்கியங்களைக் காலையிலிருந்து மனதுக்குள் எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பாள். இயற்பியல் துறை ரஹ்மத்துல்லா சார்தான் அவளுக்கு அடுத்த மூத்தவர், அவர்தான் நாற்காலி மாறி உட்கார்ந்தார். "போங்க மேடம். வெயில் ஏறுததுக்குள்ள கூப்பிட்டுருதோம்," என்றார். பதிவாளர் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடிப்படியில் இறங்கும்போது முழங்கால் வலித்தது, வலது முழங்கால், அதற்கும் அனுமதி கேட்க வேண்டும் போலிருந்தது. மரம் அந்தக் காலத்து மரம்தான், கிளைகளை மட்டும் கரண்டுக் கம்பிக்காக வெட்டிவிட்டார்கள். நிழல் அங்கங்கே கிழிந்திருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்ததும் சிமெண்டின் குளிர்ச்சி சேலை வழியாக ஏறியது. குளிர்ச்சி ஏறியதும் காலைப்பொழுது ஏறிவந்தது.

காலையில் தாரணி இட்லியைப் பிய்த்துப் பிய்த்து மிளகாய்ப்பொடியில் தோய்த்துக்கொண்டே இருந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை. "இன்னைக்கு எம் பேரு வருதுல்லா?" "வருது." "நீ என்ன செய்வ?" "வெளிய போயிருவேன்." "அது தெரியும். போ. ஒங்க சாமி உக்காந்த பெஞ்சு காலியாத்தான் கெடக்கு. ஒரு சூடத்தையும் கொளுத்தி வச்சிக்கோ." செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. "ஏட்டி, ஒனக்கு நான் எழுந்து போகணுமா, போகக் கூடாதா?" தாரணி இன்னொரு துண்டைப் பிய்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் அவள் அப்பாவைப் போலவே மூக்கின் நுனி வெளுத்துவிடும். அவர் போய் ஏழு வருஷமாகிறது, மூக்கு மட்டும் எதிரில் உட்கார்ந்து இட்லியைப் பிய்க்கிறது. "நீ எனக்காகப் பேச வேண்டாம்மா. பேசுன்னு நான் எப்பமாவது கேட்டிருக்கேனா? அங்க இருக்கவங்க கேள்வி கேப்பாங்க. கேள்விக்குப் பதில் தெரிஞ்ச ஒரே ஆளு வெளிய போயி மரத்தடியில உக்காந்துக்கிட்டா, மீதி ஆளுங்க என்ன செய்வாங்க? பயப்படுவாங்க. பயந்தா வேண்டாம்னு எழுதிருவாங்க. வேண்டாம்னு எழுதுததுக்குத் தைரியம் வேண்டாம்லா." அதுவும் சரிதான். அவள் சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும், அதுதான் அவளிடம் உள்ள கஷ்டம்.

விண்ணப்பமும் சரியான விண்ணப்பம்தான். அரிசி ஆலைகளில் எரித்து மலைமலையாகக் கொட்டிவைத்திருக்கிற உமிச்சாம்பலைச் சிமெண்டோடு சேர்த்துத் தாரணி ஒரு கலவை செய்திருக்கிறாள். நாலு வருஷம் அவள் தலைமுடியில், நகக்கண்ணில், காபி டம்ளரின் விளிம்பில் எல்லாம் அந்தச் சாம்பல்தான். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று அதைக் கேள்விப்பட்டு வந்தது. பைபாஸ் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு கலவை ஆலை இருக்கிறது. சனிக்கிழமை தோறும் அங்கே வந்து ஆலோசனை சொல்ல வேண்டும், முடியாதென்றால் மொத்தமாகக் கோயம்புத்தூருக்கே வந்துவிட வேண்டும் என்றார்கள். தாரணி சனிக்கிழமைக்கு அனுமதி கேட்டாள். "எனக்கு ரெண்டும் வேணும்மா. பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தவும் வேணும், என் உமியும் வேணும். ஒண்ணைத்தான் தருவேன்னா நான் உமியோட போயிருவேன்." இதில் ஒரே ஒரு முள். அந்தக் கம்பெனியின் கட்டிகள் சோதனைக்கு வருவது இந்தச் சோதனைக்கூடத்துக்குத்தான், சோதனைக்கூடத்தின் பொறுப்பில் இருப்பது தாரணிதான். யாருக்கு ஆலோசனை சொல்கிறாளோ அவர்கள் கலவை தேறியதா என்று சொல்பவளும் அவளே. அதையும் அவளேதான் விண்ணப்பத்தில் சொல்லியிருந்தாள், யாரும் கேட்கும் முன்பே. அதை நினைக்கும்போது செண்பகவல்லிக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. இந்த வளாகத்தில் அப்படியா நடக்கிறது. துறையில் கூட வேலை பார்க்கிற ராமசுப்பு வீட்டு வாசலில் 'கட்டட வரைபடம் போட்டுத் தரப்படும்' என்று போர்டு தொங்குகிறது, போர்டில் அவர் மனைவி பேர், அந்த அம்மா படித்தது வரலாறு. "ஒங்க வீட்டம்மா பாண்டியர் காலத்து பில்லரா போடுதாங்க?" என்று ரஹ்மத்துல்லா சார் ஒருமுறை ஊழியர் அறையில் கேட்டதும் ராமசுப்புவுக்கு டீ புரையேறியது. அந்த ராமசுப்புவுக்கு அனுமதியும் வேண்டாம், பெஞ்சும் வேண்டாம். கேட்டவளுக்குத்தான் எல்லாம். கேட்டாளே என் மக என்று ஒரு பக்கம் பூரிப்பு, கேட்காமல் இருந்திருந்தால் வீட்டோடு இருப்பாளே என்று அடியில் ஒரு சின்னக் குரல். செண்பகவல்லி அந்தக் குரலைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது யார் குரல் என்று அவளுக்குத் தெரியும். சாயங்காலம் வீட்டைத் திறந்து விளக்கைப் போடுகிறவளின் குரல் அது. தட்டு ஸ்டாண்டில் ஒரே ஒரு தட்டு ஈரமாக இருக்கப்போவதை இப்போதே பார்த்துவிட்டவளின் குரல்.

மேலே மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்கிறது. அதற்கு நடுவில் பேச்சுக்குரல், சொல் பிரியாமல் முனகலாக. பதிவாளருடையதாக இருக்கலாம். கேட்கக் கூடாது. காதை எப்படிக் கேட்காமல் வைப்பது? தேவசகாயம் சாரிடம் அவள் இதைக் கேட்டிருக்கிறாள். "சத்தம் கேட்டா கேக்கட்டும்மா. அதுல ஒன் பேரு இருக்கான்னு தேடாத," என்றார். சார் எதையும் சட்டமாகப் பேசமாட்டார். தன் ஆள் விஷயத்தில் தானே முடிவு சொல்லக் கூடாது என்பதற்கு நலமுரண் என்ற சொல்லெல்லாம் இந்தப் பக்கம் வந்தது பிற்பாடுதான். சார் காலத்தில் இருந்தது ஆணியும் கோட்டும் பெஞ்சும் மட்டும். நம் ஆள் ஒருத்தர் கட்டி மெஷினில் ஏறினால் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய் உட்கார வேண்டும். முதுகு சோதனைக்கூடத்துக்கு இருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் போய்ப் பேசக் கூடாது. எல்லாம் முடிந்ததும் யாராவது வாசலில் நின்று கூப்பிடுவார்கள், வந்து கோட்டைப் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். என்ன ஆயிற்று என்று கேட்கக் கூடாது. எங்கும் எழுதிவைத்ததல்ல இது. சார் செய்தார், மற்றவர்களும் செய்தார்கள். ஒருமுறை அவர் மச்சான் ஞானமுத்துவின் கட்டிகள் தேறாமல் போயின. சாருக்கு அது தெரியவந்ததே ஞானமுத்து நேரே சோதனைக்கூடத்துக்கு வந்து நின்றபோதுதான். "மச்சான், ஒங்க ஆளுங்க என் கட்டிய ஒடச்சிட்டாங்க." "ஒடைக்கத்தானய்யா வச்சிருக்கு." "அக்காவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் தெரியும்லா?" "தெரியும். ஆஸ்டல் மெஸ்ஸுல சொல்லி வச்சிட்டேன்." சார் அந்த மாதம் முழுக்கப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று மெஸ் சாம்பாரை வாங்கிச் சாப்பிட்டார், எந்த வருத்தமும் இல்லாமல். கட்டி உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்ப்பதில் மட்டும் அவருக்கு ஒரு சின்னப்பிள்ளை ஆசை. ஒழுங்கான கட்டி ஒழுங்காக உடைந்தால் நாலு பக்கமும் உதிர்ந்து உடுக்கை போல இடை சிறுத்து நிற்கும். அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்து, "இது ஒழுங்கா செத்திருக்கு," என்பார். அந்தச் சந்தோஷம் முகத்தில் அப்படியே தெரியும்.

முழங்காலை நீட்டினாள். எதிரே சாலையில் ஒரு பெண் ஸ்கூட்டரில் போகிறாள், பின்னால் காலி முட்டைத் தட்டுகள் அடுக்கிக் கட்டியிருக்கின்றன. பெஞ்சின் ஓரத்தில் யாரோ காம்பஸ் முனையால் ஒரு பூச்சியைக் கீறியிருக்கிறார்கள். யாரோ அல்ல, தாரணிதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவுக்காகக் காத்திருக்கும்போது இந்தப் பெஞ்சில்தான் படுத்துக்கொண்டு கணக்குப் போடுவாள், புத்தகப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு. அதே தாரணி இந்தத் துறைக்கே நேர்காணலுக்கு வந்த அன்று செண்பகவல்லி நாள் முழுக்க இங்கேதான் உட்கார்ந்திருந்தாள். வெளியூரிலிருந்து வந்த நிபுணர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். அப்படியும், "பெஞ்சுல உக்காந்தா மட்டும் போதுமா, மக உள்ள போயிட்டால்லா," என்று பேசினார்கள். பேசத்தான் செய்வார்கள். தாரணி அதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் வகுப்புக்குப் போனாள். இரண்டே வருஷத்தில் வேறு துறைப் பிள்ளைகளும் வந்து கடைசி வரிசையில் நின்றுகொண்டு கேட்கிற வகுப்பாக அது ஆனது. சிமெண்டு இறுகுவதைப் பற்றி அவள் சொல்வதை ஒருநாள் வராந்தாவில் நின்று செண்பகவல்லியும் கேட்டாள். "தண்ணி காஞ்சு போறதால அது இறுகலை. தண்ணியக் குடிச்சுத்தான் இறுகுது. தண்ணி குடுக்காம விட்டீங்கன்னா பொடிஞ்சு போயிரும்." ஒரு பிள்ளை, "எங்க வார்டனும் அப்படித்தான் மேடம்," என்றது. வகுப்பே சிரித்தது, தாரணியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரத்தில் மேலே முடிவாகப் போகிறது. அந்த வகுப்பு இருக்குமா, இருக்காதா. இருக்கும். இருக்காது. காக்கா ஒன்று மரத்திலிருந்து இறங்கி வந்து அவள் செருப்பைப் பார்த்துவிட்டுப் போனது.

தண்ணீர் என்றதும் அந்த நாள். எதை நினைத்தாலும் சுற்றிச் சுற்றி அந்த நாளில்தான் வந்து முட்டுகிறது மனது. மாசி மாசம், இப்படித்தான் முன்பகல். ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தின் கட்டிகள் லாரியில் வந்து இறங்கியிருந்தன. முதல் கட்டியை ஏற்றினார்கள். சார் ஒன்றும் சொல்லாமல் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனார். கதவின் ஸ்பிரிங் கிறீச்சிட்டு அடித்தது. யாரும் எதுவும் நினைக்கவில்லை; சாருக்கு வேண்டியவர் யாரோ கட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தார்கள். நெறுநெறுப்பு, அமைதி, டொக். இரண்டாவது கட்டியை ஏற்றும்போது செண்பகவல்லி ஜன்னல் பக்கம் பார்த்தாள். சார் பெஞ்சில் இருந்தார். தலை கவிழ்ந்திருந்தது. பார்வையைத் திருப்பிக்கொண்டாள், பெஞ்சில் இருப்பவரைப் பார்ப்பதும் மரியாதையில்லை என்று. முள் ஏறுவதைப் பார்த்தாள். ஏதோ ஒன்று தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. என்ன அது? எதையோ பார்த்தேனே, என்ன பார்த்தேன்? சட்டை, தலை, கை, தலைக்குமேலே மரம். நெறுநெறுவென்று கட்டி தொடங்குகிறபோதுதான் பிடிபட்டது. சாரின் முகம் இந்தப் பக்கம் இருந்தது. சோதனைக்கூடத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். விலகி உட்காருகிற மனிதர் இந்தப் பக்கம் பார்த்து உட்காரமாட்டார், ஒருநாளும். அவள் கதவுப் பக்கம் போனாள். "டீச்சர், போகக் கூடாதுல்லா," என்றார் இசக்கி. "சார் நம்மளப் பாத்து உக்காந்திருக்காங்க," என்றாள். அவ்வளவுதான், இசக்கி மெஷினை அப்படியே விட்டுவிட்டு அவளுக்கு முன்னால் ஓடினார். சாரின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது, உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. கட்டிகளைக் கொண்டுவந்த அதே லாரியில் தூக்கிப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காற்றுக்காகத்தான் வெளியே போயிருக்கிறார். நெஞ்சு அடைத்தது, கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று போனார், உட்கார்ந்தார், உள்ளே இருப்பவர்கள் பார்ப்பார்கள் என்று நம்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே இருப்பவர்கள் அவர் கற்றுக்கொடுத்த மரியாதையோடு பார்க்காமல் இருந்தார்கள்.

பிழைத்துக்கொண்டார். கண் திறந்ததும், "டெஸ்ட்டை முடிச்சீங்களா?" என்று கேட்டார். "இல்ல சார்." "ஏன்?" "நீங்க இப்படி..." "எனக்கும் அந்தக் கியூப்புக்கும் என்னம்மா சம்பந்தம்?" அதுதான் வேடிக்கை. சம்பந்தமே இல்லாத கட்டி. ஆனால் சார் அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்ததால், அந்தப் பள்ளிக்கூடத்தை அவர்தான் மறைமுகமாகக் கட்டுகிறார் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு கொஞ்ச நாள் ஓடியது. சார் அதைக் கேட்டுவிட்டு, ஆபரேஷன் செய்த நெஞ்சுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திரும்பி வேலைக்கு வந்த அன்று எல்லோரையும் கூப்பிட்டார். பெஞ்சு வழக்கத்தையே எடுத்துவிடப்போகிறார் என்று நினைத்தார்கள். எடுக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு சேத்துக்கிடுவோம்," என்றார். "வெளிய உக்காந்தவருக்கு ஒருத்தர் தண்ணி கொண்டு போகணும். பேசக் கூடாது. தண்ணி குடுக்கலாம்." அதைச் சொல்லும்போது அவர் குரலில் எந்தப் பாரமும் இல்லை. தன் உயிர் போகப் பார்த்ததற்கு அந்த மனிதர் கண்டுபிடித்த திருத்தம் ஒரு டம்ளர் தண்ணீர். வழக்கத்தையும் விடவில்லை, மனுஷனையும் விடவில்லை.  எத்தனை பேர் எத்தனை பெரிய ஏற்பாடுகள் செய்தார்கள் இந்த வளாகத்தில். கல்வெட்டுகள் இருக்கின்றன, சிலைகள் இருக்கின்றன. டம்ளரில் இருந்த அந்த நினைப்புக்கு எதையும் ஈடு சொல்ல அவளால் முடிந்ததில்லை. இப்போது யார் அதையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறார்கள். சார் ஓய்வுபெற்றார், இசக்கி ஓய்வுபெற்றார், வலைக்கதவுக்குப் பதில் கண்ணாடிக் கதவு வந்துவிட்டது. நாக்கு வறண்டுதான் இருக்கிறது. கைப்பையில் பாட்டில் இல்லை, கைப்பையே மேலே நாற்காலியில்.

சாலையில் ஒரு கலவை லாரி வந்தது. முதுகில் பீப்பாய் சுழன்றுகொண்டே, வயிற்றுக்குள் கூழாங்கல் உருளுகிற சத்தத்தோடு, தாரணியைக் கூப்பிடுகிற அந்தக் கம்பெனியின் நிறத்தில். வேகத்தடையில் ஏறி இறங்கியது. ஆற்றுப் பக்கம் திரும்பியது. ஆற்றுப்பாலத்துக்குப் போகிறது. பாலம். சார் போட்ட பாலம். சார் எங்கே பாலம் போட்டார்? சார் ஆலோசனைதானே சொன்னார், தனியார் ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு. அதற்குக்கூட அனுமதி... செண்பகவல்லி பெஞ்சின் விளிம்பைப் பிடித்தாள். அனுமதி கொடுத்தார்கள். ஆமாம், கொடுத்தார்கள். மேலே இதே அறை, நடுவில் வேறு மேஜை, வேறு மனிதர்கள். சார் எழுந்து இந்தப் பெஞ்சுக்கு வந்துவிட்டார், இவள் ஓரத்தில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள், அப்போது இவள்தான் எல்லோரிலும் சின்னவள். பாலத்துக் கட்டிகளும் இந்தச் சோதனைக்கூடத்துக்குத்தானே வரும், சார்தானே இதற்குத் தலைவர் என்று இழுத்தார்கள், பயந்தார்கள், வேண்டாமென்று எழுதிவிடலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். அப்போதிருந்த துணைவேந்தர் மூக்குப்பொடி டப்பியைத் தட்டிக்கொண்டே, "ஆளையும் விட வேண்டாம், வேலையையும் விட வேண்டாம். கட்டிய மட்டும் ஆத்தைக் கடத்துங்க," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்படியே செய்தார்கள். பாலத்துக்கான கட்டிகள் பாலமில்லாத ஆற்றைத் தாம்போதி என்கிற ஆற்றுமட்டச் சாலை வழியாகக் கடந்து அக்கரைக் கல்லூரிக்குப் போய் உடைந்தன. சார் இங்கே பாடம் நடத்தினார், அங்கே ஆலோசனை சொன்னார், பாலம் இன்றைக்கும் லாரிகளைத் தாங்குகிறது. இது போதும். தாரணிக்கு வேண்டியது இந்த ஒரே ஒரு வாக்கியம்தான். கட்டியை மட்டும் ஆற்றைக் கடத்துங்கள். இது எப்படி இத்தனை நாள் நினைவுக்கு வரவில்லை? வந்திருந்தால் தாரணியிடமே சொல்லியிருக்கலாம், அவளே விண்ணப்பத்தில் எழுதியிருப்பாள். ஞாபகம் எங்கேயோ போய் மறைந்திருந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகு வருகிறது. அந்தக் கூட்டத்தில் இருந்த வேறு யாரும் இப்போது இல்லை. மேலே இருப்பவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் பயப்படமாட்டார்கள். நெஞ்சுக்குள் எங்கோ நெறுநெறுவென்றது. பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செருப்புச் சத்தம் கேட்டது. கண்ணாடிக் கதவு சத்தமில்லாமல் திறந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு கை நீண்டது, எவர்சில்வர் டம்ளர், மேலே ஒரு சின்னத் தட்டு மூடியிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ரஹ்மத்துல்லா சார். கூட்டத்தை நடத்துகிறவரே எழுந்து வந்திருக்கிறார். சும்மா இருக்கவே தெரியாத மனிதர், தூக்கத்திலும் பேசுவார் என்று அவர் வீட்டம்மாவே சொல்வாள், அவர் இப்போது உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மரத்தின் உச்சியில் காக்காக் கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு நினைவிருக்கிறது. அவர் இந்தத் துறையே இல்லை, சாரோடு ஒருநாளும் வேலை பார்த்ததில்லை, எங்கோ கேட்டு எங்கோ வைத்திருந்திருக்கிறார். செண்பகவல்லி தட்டை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். டம்ளரை வாங்கினாள். அவர் முகத்தில் முடிவு தெரிகிறதா என்று கண் தானாகத் தேடியது, அவர் அதற்காகவேதான் காக்காக் கூட்டைப் பார்க்கிறார் என்பது புரிந்து வெட்கமாக இருந்தது. இன்னும் முடிவாகவில்லை. முடிவாகியிருந்தால் தண்ணீர் வராது, கூப்பிடத்தான் கூப்பிடுவார்கள். அப்படியானால் நேரம் இருக்கிறது. சொல்லலாம். தேவசகாயம் சாருக்குப் பாலத்துக்குக் குடுத்தாங்க சார், கட்டி மட்டும் அக்கரைக்குப் போச்சு. இது சிபாரிசு இல்லை. நடந்தது. நடந்ததைச் சொல்வதில் என்ன பாரபட்சம்? உள்ளே வேறு யாருக்காவது இது தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார்கள் அல்லவா? இது என் மகளுக்காக அல்ல, கடைசி வரிசையில் நின்றுகொண்டு கேட்கிற அந்தப் பிள்ளைகளுக்காக, உமிக்காக, பாலத்துக்காக. எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறது பார் இந்த மனசு, தாரணியை நடுவில் மறைத்து வைத்துக்கொண்டு. ராமசுப்புவின் விண்ணப்பம் என்று ஒன்று வந்து, அதற்கு உதவுகிற ஒன்று இப்படி ஞாபகம் வந்திருந்தால், இதே தண்ணீரை வாங்கிக்கொண்டு சொல்லியிருப்பேனா? உள்ளே இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். வெளியே இருந்தால் சொல்லமாட்டேன். ரஹ்மத்துல்லா சார் பேசாமல் நிற்பதற்குப் பாடுபடுகிறார், கழுத்து நரம்பு தெரிகிறது, பேசுவதற்கே பிறந்த மனிதர். அவர் அவ்வளவு பாடுபடும்போது நான் என்ன. வாய்க்குள் அந்த வாக்கியம் முழுசாக இருந்தது, நாக்கின்மேல், கூழாங்கல் மாதிரி. தண்ணீரைக் குடித்தாள். பானைத் தண்ணீர், லேசாக மண் வாசம். வாக்கியத்தின் மேலேயே குடித்தாள், கடைசிச் சொட்டுவரை. டம்ளரைத் தட்டால் மூடிக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு தலையை ஒரு மாதிரி அசைத்தார், வணக்கம் என்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை, போய்விட்டார்.

செண்பகவல்லி சாலையைப் பார்த்தாள். வெயில் ஏறி, கிழிந்த நிழல் பெஞ்சைவிட்டு நகர்ந்துவிட்டது. சாருக்கும் இப்படி இருந்திருக்குமா, ஞானமுத்துவின் கட்டிகள் உடைகிற ஒவ்வொரு தடவையும்? அந்த முதுகு அவ்வளவு அமைதியாக இருந்தது, அவள் அதை அமைதி என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். அந்த முதுகுக்கு முன்பக்கம் என்று ஒன்று இருந்திருக்கும். அங்கே ஒரு வாய் இருந்திருக்கும், வாய்க்குள் ஒரு கல் இருந்திருக்கும். வீட்டுக்குப் போனால் பேசாத மனைவி, ஏச்சு, மெஸ் சாம்பார். அதையெல்லாம் தொடையில் வைத்த இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இதுவரை அவரைக் கும்பிட்டது போதாது என்று தோன்றியது. கைகளைத் தொடைமேல் வைத்தாள்.  முதுகை நிமிர்த்தினாள், முதுகுதான் உள்ளே தெரியும். முட்டைத் தட்டுப் பெண் திரும்பி வந்தாள், இப்போது தட்டுகளில் முட்டை. மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள்.

"மேடம், வாங்க." வாசலில் நின்று கூப்பிட்டார்கள். எழுந்தாள், முழங்கால் நிமிரக் கொஞ்சம் நேரம் ஆனது. படியேறி, அறைக்குள் போய், தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி சூடாக இருந்தது. பதிவாளர் மறுபடியும் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரஹ்மத்துல்லா சார் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடிக்கொண்டிருந்தார்.  என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. "அடுத்தது என்ன?" என்றாள். நூலகர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் நாதஸ்வரக் கச்சேரிக்குப் போக அனுமதி கேட்டிருந்தார். கொடுத்தார்கள்.

தாரணிக்கு அனுமதி கிடைக்கவில்லை. பாலத்து விஷயத்தைச் செண்பகவல்லி அவளிடம் சொன்னது கோயம்புத்தூர் ரயில் கிளம்புகிற நேரத்தில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. தாரணியின் மூக்கு நுனி வெளுத்தது.  பிறகு, "எப்பம்மா ஞாபகம் வந்துச்சு?" என்றாள். "பெஞ்சுல உக்காந்திருக்கும்போது." "யாராவது தண்ணி கொண்டு வந்தாங்களா?" "ரஹ்மத்துல்லா சார்." "குடிச்சியா?" "குடிச்சேன்." "சரி," என்றாள் தாரணி. கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி அம்மாவின் முந்தானை நுனியைச் சரிசெய்தாள். ரயில் நகர்ந்தது.

மூன்று வருஷம் கழித்துத் தாரணி அந்தக் கம்பெனியை விட்டு வந்து, கோயம்புத்தூரில் யாருக்கும் கட்டுப்படாத ஒரு சோதனைக்கூடத்தைச் சொந்தமாகத் தொடங்கினாள். அதன் வாசலில் ஒரு சிமெண்டு பெஞ்சு கட்டியிருக்கிறாள், சாலையைப் பார்த்து.